ஞாயிறு ராத்திரி மட்டும் அடிக்கும் அலாரம்: ஒரு பேட்டரி ரூம் ஹைட்ரஜன் டிடெக்டர் கேலிபிரேஷன்

கூப்பிட்டவர் சொன்ன வேலை ரொம்பச் சின்னது. சென்னை ஓ.எம்.ஆரில் பெருங்குடி தாண்டி ஒரு ஐ.டி. கட்டடம், தரைத்தளத்தில் யு.பி.எஸ். பேட்டரி ரூம், உள்ளே கூரையை ஒட்டி மூன்று ஹைட்ரஜன் டிடெக்டர்கள் (சார்ஜ் ஆகும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும்). அதில் ஒன்று ராத்திரியில் சும்மா சும்மா அலாரம் அடிக்கிறது, செக்யூரிட்டிக்காரர்கள் தூங்க முடியவில்லை (தூங்கக் கூடாதுதான், அது வேறு விஷயம்), வந்து கேலிபிரேஷன் பண்ணி (தெரிந்த வாயுவை விட்டு, காட்டும் அளவைச் சரி செய்து) சத்தத்தை நிறுத்திக் கொடுங்கள். 2024 மே மாதம், கத்திரி வெயில் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன்.

நான் போய் அவர்கள் கேட்டதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் அலாரம் நின்றிருக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள், அந்த அறை மட்டும் இன்னும் கொஞ்ச நாளில் ஆபத்தாகியிருக்கும். அதற்கு மிக அருகில் போய்விட்டுத்தான் திரும்பினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அறை. ஏறக்குறைய 5 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர், அதாவது 60 கன மீட்டர். நாலு ஸ்ட்ரிங் (வரிசையாகத் தொடுத்த பேட்டரித் தொகுதி), ஒவ்வொன்றிலும் 12 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் எஸ்.எம்.எஃப். பேட்டரி (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை) 32. பேட்டரிக்கு ஆறு செல், அப்படிப் பார்த்தால் ஸ்ட்ரிங்குக்கு 192 செல். ஒரு ஸ்ப்ளிட் ஏ.சி., சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். டிடெக்டர்களுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏ பேட்டரி ரேக்குக்கு நேர் மேலே, பி எக்ஸாஸ்ட் கிரில் பக்கம், சி வாசல் பக்கத்து மூலையில் கேபிள் ட்ரேக்கு மேலே, கை நுழையாத இடத்தில். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினாலு மடங்கு லேசு என்பதால் டிடெக்டர் மேலேதான் இருக்க வேண்டும், அந்த அளவில் பொருத்தியவர் சரியாகத்தான் பொருத்தியிருக்கிறார். மூன்றுமே பெலிஸ்டர் வகை: பிளாட்டினம் சுருள் மேல் வினையூக்கி பூசிய குட்டிப் பாசிமணி, வாயு அதன் மேல் பட்டு எரியும்போது சூடேறி மின்தடை மாறும், பக்கத்தில் உள்ள இன்னொரு மணியோடு ஒப்பிட்டு அந்த வித்தியாசத்தை 4 முதல் 20 மில்லியாம்ப் கரண்டாக பேனலுக்கு அனுப்பும்.

பேனலில் தெரிவது ஹைட்ரஜன் சதவீதம் இல்லை. ஃபெசிலிட்டி மேனேஜர் என்னைப் பார்த்ததும் பதறிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தையே, "சார், இருபது பர்சென்ட் ஹைட்ரஜன் காட்டுதுன்னா சும்மாவா, அந்தப் பெட்டி பைத்தியம் சார்" என்பதுதான். அந்த 20, தீப்பிடிக்கும் கீழ் எல்லையில் 20 சதவீதம். ஹைட்ரஜனுக்கு அந்த எல்லை காற்றில் 4 சதவீதம். அதனால் பேனலில் 20 என்றால் அறையில் 0.8 சதவீதம், 50 என்றால் 2 சதவீதம், 100 என்றால் 4 சதவீதம். கரண்டில் சொன்னால் 20-க்கு 7.2 மில்லியாம்ப், 50-க்கு 12. இதை விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது. "அப்ப ஒண்ணுக்கும் கீழதானே, அப்புறம் எதுக்கு சார் கத்துது?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் ஹைட்ரஜனுக்குப் பொறி என்று தனியாக ஒன்று பெரிதாக வேண்டியதில்லை. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளத் தேவையான சக்தியில் பத்தில் ஒரு பங்கு போதும், நைலான் சட்டையின் நிலைமின்சாரமே தாராளம். பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது.

அலாரம் பொய் என்று அவர்கள் முடிவு கட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. போன ஞாயிறு ராத்திரி அலாரம் அடித்தபோது பக்கத்துக் கட்டடத்திலிருந்து நாலு வாயு காட்டும் கைக்கருவி ஒன்றைக் கடன் வாங்கி வந்து வாசலில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். எரிவாயு இடத்தில் சுத்தமாக 0. ஆனால் கார்பன் மோனாக்சைடு 200 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டியது. உடனே, ஜெனரேட்டர் புகை உள்ளே வருகிறது, அதைத்தான் டிடெக்டர் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையைச் சொன்னவர் ராத்திரி டியூட்டிப் பெரியவர்.

"அன்னிக்கு ஜெனரேட்டர் ஓடிச்சா ஐயா?"

"இல்ல தம்பி, கரண்ட் போகவே இல்லையே."

சரி, அப்படியென்றால் புகை எங்கிருந்து வந்தது? கருவியின் மாடலைக் கேட்டுத் தெரிந்துகொண்டபோது விஷயம் தெரிந்தது: அதில் எரிவாயு சென்சார் அகச்சிவப்பு வகை. மீத்தேன், புரோபேன் எல்லாம் பார்க்கும், ஹைட்ரஜனை மட்டும் பார்க்கவே பார்க்காது, ஏனென்றால் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சாது. அறை முழுக்க ஹைட்ரஜன் நிரம்பினாலும் அது 0 என்றுதான் காட்டும். கார்பன் மோனாக்சைடு பார்க்கும் மின்வேதி செல்லுக்கோ ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடு மாதிரியே தெரியும். எந்த அளவுக்கு என்பது செல்லுக்குச் செல் மாறும், ஆனால் தெரியும். எதுவும் எரியாத ஒரு பேட்டரி ரூமில் கார்பன் மோனாக்சைடு ஏறினால் முதல் சந்தேகம் ஹைட்ரஜன் மேல்தான் வர வேண்டும். ஆக, அலாரம் பொய் என்று நிரூபிக்கக் கொண்டுவந்த கருவி அலாரம் உண்மை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போதே தோன்றியது என்று சொன்னால் அது பொய். பெரியவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே ஏணியைப் போட்டு ஏறிவிட்டேன். கதவை அரை மணி நேரம் திறந்து வைத்து, போனை வெளியே வைத்துவிட்டு, ஹைட்ரஜனுக்கென்றே உள்ள என் கைக்கருவியில் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகுதான் ஏறினேன், அந்த அளவு ஒழுக்கம் உண்டு. ஏ டிடெக்டர் முகத்தில் கப்பை மாட்டி, செயற்கைக் காற்று சிலிண்டரைத் திறந்து (20.9 சதவீதம் ஆக்சிஜன், மிச்சம் நைட்ரஜன், வேறெதுவும் இல்லை), நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட விட்டேன். டிஸ்ப்ளேயில் 0. ஜீரோ சரி, அடுத்து ஸ்பேன் (தெரிந்த அளவு வாயுவை விட்டு அதே அளவைக் காட்ட வைப்பது) என்று, டிடெக்டரின் செட்டிங்கை மாற்றும் காந்தக் குச்சியை எடுத்துவிட்டேன். அப்போது, ஏற்கனவே தொடுத்து வைத்திருந்த மல்டிமீட்டர் கண்ணில் பட்டது. 3.7 மில்லியாம்ப்.

டிஸ்ப்ளே பூஜ்யத்துக்குக் கீழே போனால் வெறும் 0 என்றுதான் காட்டும். கரண்ட் அப்படி மறைக்காது. சுத்தக் காற்றில் 4.0 இருக்க வேண்டியது 3.7 என்றால், கிட்டத்தட்ட மைனஸ் 2. சுத்தக் காற்று எப்படி பூஜ்யத்தைவிடச் சுத்தமாக இருக்க முடியும்? யாரோ ஒரு நாள் ஹைட்ரஜன் கலந்த காற்றையே பூஜ்யம் என்று இதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்போதுதான் பெரியவர் சொன்னது மண்டையில் ஏறியது. குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து நோட்டை எடுத்தேன். எதையும் தொடாமல், இருப்பது இருக்கிறபடி மூன்றையும் எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. எங்கள் தொழிலில் இதை 'ஆஸ் ஃபவுண்ட்' என்பார்கள், ரிப்போர்ட்டில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கும், முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டத்தில் கடைசியில் வந்த அளவையே நகல் எடுத்து எழுதி நிரப்புவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த அளவுகள்

சுத்தக் காற்றில் ஏ 3.7, பி 3.7, சி 4.0. பிறகு என் சிலிண்டர், காற்றில் 2 சதவீதம் ஹைட்ரஜன், கப்பில் இரண்டு நிமிடம் விட்டு அளவு நிலைத்த பிறகு எழுதியது: வர வேண்டியது 12.0. வந்தது ஏ-யில் 18.1, பி-யில் 16.5, சி-யில் 11.4. டிஸ்ப்ளே அளவில் சொன்னால் 50 காட்ட வேண்டிய இடத்தில் ஏ 88, பி 78, சி 46.

பெலிஸ்டர் வயதானால் குறைத்துத்தான் காட்டும். சிலிக்கோன் ஸ்ப்ரே, சீலன்ட் வாடை பட்டாலும் குறையும். தானாகக் கூட்டிக் காட்டத் தொடங்காது. சி-யின் 46 இயல்பான தேய்மானம். ஏ-யும் பி-யும் 1.8 மடங்கும் 1.6 மடங்கும் காட்டுகின்றன என்றால், மனிதக் கை பட்டிருக்கிறது.

போன கேலிபிரேஷன் சான்றிதழைக் கேட்டேன். பிப்ரவரியில் வேறு ஒரு ஆள் வந்து செய்தது. மூன்றுக்கும் ஸ்பேன் 50.0, 50.0, 50.0 என்று அழகாக இருந்தது. சி-யின் முகத்தில் இருந்த சிலந்தி வலை பிப்ரவரிக்கும் முந்தையது என்பதைச் சான்றிதழ் கவனிக்கவில்லை. ட்ரேக்கு மேலே கை எட்டாததால் அவர் சி-யைத் தொடவே இல்லை, அந்தச் சோம்பேறித்தனத்தால் மூன்றில் ஒன்றாவது உண்மை பேசிக்கொண்டிருந்தது. அடுத்த தடவைக்கு ஆகும் என்று அவர் விட்டுவிட்டுப் போன சிலிண்டர் ஸ்டோர் ரூமில் கிடந்தது. லேபிளின் முதல் வரி: ஹைட்ரஜன் 2 சதவீதம். இரண்டாவது வரி, சின்ன எழுத்தில்: மீதி நைட்ரஜன்.

இங்கேதான் முடிச்சு. பெலிஸ்டரில் ஹைட்ரஜன் எரிந்தால்தான் அளவு வரும், எரிய ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜனில் கலந்த ஹைட்ரஜனைக் கப்புக்குள் விட்டால், உள்ளே தங்கியிருக்கும் காற்றை வைத்துக் கொஞ்ச நேரம் எரியும், ஏறும், பிறகு ஆக்சிஜன் தீர்ந்து இறங்கும். வேலை முடிந்த பிறகு அந்தச் சிலிண்டரை வைத்தே சோதித்துப் பார்த்தேன்: சரியாகக் கேலிபிரேட் செய்த ஏ, இருபது நொடியில் 28 வரை ஏறி, ஒன்றரை நிமிடத்தில் 9-க்கு இறங்கிவிட்டது. பி-யில் உச்சம் 31. 28-ஐ 50 ஆக்க 1.8 மடங்கு, 31-ஐ 50 ஆக்க 1.6 மடங்கு. வந்த மனிதர் ஏறிய உச்சத்திலேயே குச்சியை வைத்து ஸ்பேனை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார், ஏன் இறங்குகிறது என்று யோசிக்க நிற்கவில்லை. வெளியே வெயிலில் அவருக்கு இன்னும் நாலு சைட் இருந்திருக்கும்.

ஜீரோ? சான்றிதழ் தேதி ஒரு திங்கட்கிழமை. கேட் ரெஜிஸ்டரில் காலை 9:30 வருகை. ஜீரோ காற்று சிலிண்டர் கொண்டுவந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. அறைக் காற்றையே பூஜ்யமாக எடுத்திருக்கிறார். அறையில் அன்று காலை கீழ் எல்லையில் 1 சதவீதம் போல, அதாவது 400, 450 பி.பி.எம். ஹைட்ரஜன் மிச்சம் இருந்தால் இந்த மைனஸ் 2 கணக்கு கச்சிதமாக ஒத்துப்போகிறது. பேட்டரி ரூமில் அறைக் காற்றை வைத்து ஜீரோ எடுப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது, ஆனால் அவசரத்துக்கு நானே சில வருடம் முன்பு செய்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் அலாரம் பொய்தானே?

மேனேஜர் இதைத்தான் கேட்டார், கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டார். கூட்டிக் காட்டுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், சரி செய்துவிட்டுப் போங்கள்.

பேனலின் நிகழ்வுப் பதிவை எடுத்தேன். ஏப்ரலிலிருந்து ஏழு அலாரம். ஆறு, ஞாயிறு அதிகாலை மூன்றிலிருந்து நாலுக்குள் (அவர்கள் ஞாயிறு ராத்திரி என்று சொன்னது சனி ராத்திரி ஏறிய டியூட்டியை). ஒன்று மட்டும் புதன் இரவு. பைத்தியம் பிடித்த பெட்டி கிழமை பார்த்து அடிக்காது. கடைசி அலாரம் நேரத்தில் பதிவான அளவுகள் ஏ 21, பி 18, சி 11. இப்போது ஒவ்வொன்றின் பிழையும் நம்மிடம் இருக்கிறதே, திருப்பிக் கணக்குப் போட்டால்: ஏ-யின் 21 நிஜத்தில் 12.7, பி-யின் 18 நிஜத்தில் 12.4, சி-யின் 11 நிஜத்தில் 12. மூன்று விதமாகப் பொய் சொன்ன மூன்று கருவிகளும் ஒரே உண்மையில் வந்து நிற்கின்றன. அறையில் நிஜமாகவே அரை சதவீத ஹைட்ரஜன் இருந்தது.

நான் ஏறியதும் நேராக ஸ்பேனைச் சரி செய்திருந்தால் ஏ இனிமேல் 13-ஐத் தாண்டாது, 20-ல் வைத்த அலாரம் அடிக்காது. திருத்துவதற்கு முந்திய அளவு போய்விட்டால், பழைய பதிவிலுள்ள 21-க்கு அர்த்தம் என்ன என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. கெட்ட கேலிபிரேஷன்தான் அந்த அறையைக் காட்டிக் கொடுத்தது, நல்ல கேலிபிரேஷன் அதை மூடி மறைத்திருக்கும். இதை மேனேஜருக்குப் புரிய வைக்க ஒரு டீ முழுக்கத் தேவைப்பட்டது.

அரை சதவீதம் பெரிய விஷயமா என்றால், பேட்டரி ரூமுக்குக் காற்று எவ்வளவு வேண்டும் என்று ஐ.இ.சி. 62485-2 என்ற சர்வதேசத் தரம் தரும் கணக்கு ஒன்று உண்டு: 0.05 பெருக்கல் செல் எண்ணிக்கை பெருக்கல் வாயு உண்டாக்கும் கரண்ட். எஸ்.எம்.எஃப். வகைக்கு சாதாரண ஃப்ளோட்டில் (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் சார்ஜ்) ஆம்பியர்-அவருக்கு 1 மில்லியாம்ப், பூஸ்ட்டில் (கூடுதல் வோல்டேஜில் ஏற்றும் சார்ஜ்) 8. நாலு ஸ்ட்ரிங்குக்கும் சேர்த்துப் போட்டால் ஃப்ளோட்டில் மணிக்கு 4 கன மீட்டர் கூட வேண்டாம், பூஸ்ட்டில் 31. ஒரு சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் இதுபோலப் பல மடங்கு இழுக்கும். அப்படி ஒன்று இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் அறையில் அரை சதவீதம் சேரவே கூடாது.

ஃபேன் ஓடுகிறதா? ஓடுகிறது, பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, சத்தமும் கேட்கிறது. பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கி வந்தேன், ஹைட்ரஜன் இல்லை என்று கைக்கருவியில் மறுபடி பார்த்தும் பற்ற வைக்க மனம் வரவில்லை, வைத்துவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிரில்லில் பிடித்தேன். ஒட்டவில்லை. கையை விட்டால் கீழே விழுந்தது.

வெளிப்பக்கம் போய்ப் பார்த்தோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் சாரல் உள்ளே அடித்திருக்கிறது. பேட்டரி நனையக் கூடாதே என்று யாரோ நல்ல எண்ணத்தில் ஃபேனின் வெளி ஷட்டரைக் கட்டுக்கம்பி போட்டுக் கட்டி, மேலே தார்பாய் சுற்றிவிட்டார்கள். பெருங்குடி, பள்ளிக்கரணைப் பக்கம் அந்த இரண்டு நாள் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் அந்த ஆளைத் திட்ட மாட்டார்கள். ஆனால் அவிழ்க்க மறந்துவிட்டார்கள். ஐந்து மாதமாக ஃபேன் மூடிய ஜன்னலைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. யு.பி.எஸ். சார்ஜர் செட்டிங்கைத் திறந்தால் வாராவாரம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு ஆட்டோ பூஸ்ட், செல்லுக்கு 2.40 வோல்ட். முன்பு அங்கே இருந்தது தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரி, அதற்கு அவ்வப்போது பூஸ்ட் தேவை. எஸ்.எம்.எஃப். மாற்றியபோது பேட்டரியை மட்டும் மாற்றி, செட்டிங்கை அப்படியே விட்டுவிட்டார்கள். புதன் இரவு? அன்று மாலை நாற்பது நிமிடம் பவர் கட், வந்ததும் சார்ஜர் தானாகப் பூஸ்ட்டுக்குப் போனது. கூடவே ஏ.சி. சரியாகக் குளிர்விக்கவில்லை, அறையில் 36 டிகிரி. ஃப்ளோட் வோல்டேஜ் 25 டிகிரிக்கு உரிய 2.27-லேயே நின்றது. டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் குறைக்கச் சொல்லும் வெப்ப சென்சார் கம்பி சார்ஜரில் சொருகப்படவே இல்லை. சூட்டில் கூடுதல் வோல்டேஜ் என்றால் வாயு கூடும், பேட்டரியும் சீக்கிரம் சாகும். மேல் ரேக்கில் ஐந்து பேட்டரி வயிறு உப்பிப் போயிருந்தது.

எவ்வளவு வாயு வரும்? ஒரு ஆம்பியர்-அவர் ஓவர்சார்ஜுக்கு ஒரு செல்லிலிருந்து சுமார் 0.42 லிட்டர். 768 செல், 0.8 ஆம்பியர் என்று மேல் வரம்பாக எடுத்தால் மணிக்கு 258 லிட்டர். 60 கன மீட்டரில் அரை சதவீதம் என்பது 300 லிட்டர். இரண்டு மணிக்குப் பூஸ்ட் தொடங்கினால் மூன்று மணிக்கு மேல் அலாரம். பதிவில் இருந்த நேரமும் அதுதான்.

செய்தது

தார்பாயும் கம்பியும் அன்றே போயின. ஆட்டோ பூஸ்ட் நிறுத்தப்பட்டது, உப்பிய ஐந்தும் கழற்றப்பட்டன, ஏ.சி. ஆளுக்குப் போன் போனது. அதற்குப் பிறகுதான் கேலிபிரேஷன்: முதலில் ஜீரோ காற்று, நிலைத்த பிறகு ஜீரோ, அடுத்து காற்றில் கலந்த 2 சதவீத ஹைட்ரஜன், இரண்டு நிமிடம், ஸ்பேன். ஏ.சி. காற்று நேராக ஏ மேல் அடித்ததால் கப்பு பொருந்தியும் அளவு ஆடியது, ஏ.சி.யை நிறுத்திவிட்டு மறுபடி செய்தேன். சி-க்கு ட்ரே கிளாம்பைக் கழற்றி, இரண்டு பேர் ஏணியைப் பிடிக்க, சிலந்திக்கு நோட்டீஸ் கொடுத்து, ஒரு மணி நேரம் ஆனது. வேலை முடித்து நான் விட்டுவந்த அளவு ஏ 12.0, பி 12.1, சி 12.0, ஜீரோ மூன்றிலும் 4.0. வாயுவை ஏற்றி 20-ல் அலாரம் நிஜமாக அடிக்கிறதா என்றும் பார்த்தோம், அடித்தது, பெரியவர் பழக்கத்தில் ஓடி வந்துவிட்டார்.

அடுத்த சனி ராத்திரி, மேனேஜர் சம்மதத்தோடு, ஷட்டர் திறந்த நிலையில் வேண்டுமென்றே ஒரே ஒரு தடவை பூஸ்ட் ஓட விட்டோம். காலை நாலு மணிக்கு ஏ 2, பி 1, சி 1. அந்தக் கடன் வாங்கிய கைக்கருவியையும் மறுபடி கேட்டு வாங்கி வாசலில் பிடித்தோம், கார்பன் மோனாக்சைடு ஒற்றை இலக்கத்தில் நின்றது.

நைட்ரஜன் சிலிண்டரில் 'டிடெக்டருக்கு அல்ல' என்று சிவப்பு மார்க்கரில் எழுதி ஸ்டோரிலிருந்து அனுப்பியாகிவிட்டது. பில் போடும்போது வேலையின் பெயரை 'பொய் அலாரம் சரி செய்தல்' என்று எழுதித் தரச் சொன்னார்கள், பர்ச்சேஸ் ஆர்டரில் அப்படித்தான் இருக்கிறதாம். பில்லில் அப்படியே எழுதினேன், ரிப்போர்ட்டில் எழுதவில்லை. சார்ஜருக்கான வெப்ப சென்சார் கம்பி இன்னும் வரவில்லை, அதுவரை ஃப்ளோட்டைக் கையால் 2.24-க்கு இறக்கி வைத்திருக்கிறோம்.